இதுல எதும்மா முதல்ல கெட்டுப்போகும்?

எங்க வீட்டுல ஒரு கேமிங் கம்ப்யூட்டர் இருக்கு. அதுல கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இதை கேன்டீன்ல சொன்னப்போ, "என்ஜின் இல்லாத புல்லட்டா?"ன்னு ஒருத்தன் கேட்டான். ஒரு வாரம் அதையே சொல்லி ஓட்டினாங்க. ஓட்டட்டும். ஆனா அதே ஆளுங்கதான் இப்ப, "அம்பதாயிரத்துக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு"ன்னு வர்றாங்க. ஜூனியர்ஸும் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸ்அப்ல டைப் பண்ணி விரல் வலிக்குது. அதனாலதான் இந்தக் கட்டுரை. பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது எனக்கு இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

லிஸ்ட் கடைசியில வரும். அதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட் எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். ஏன்னா அதைப் பாதி போட்டவர் எங்க அப்பா. அவருக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது.

அப்பா விசைத்தறி ரிப்பேர் பார்க்கிறவர். வீடு திருத்தணியில. ஆனா காலையில டூல்ஸ் பையை டிவிஎஸ்ல மாட்டிட்டுக் கிளம்பினா, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், சில நாள் பார்டர் தாண்டி நகரின்னு எங்க தறி நின்னுபோச்சோ அங்க போவார். தறி ஓடலன்னா நெசவு பண்றவங்களுக்கு அன்னைக்குக் கூலி இல்ல. அதனால ஒரு மெஷினைப் பார்த்தா "இது எவ்வளவு வேகமா ஓடும்?"னு அவருக்குத் தோணாது. "இது எப்ப நிக்கும்?"னுதான் தோணும்.

2024 மே மாசம். நான் செகண்ட் இயர் முடிச்சிருந்தேன். பத்தாவது படிக்கிற பசங்களுக்கு ரெண்டு வருஷம் மேத்ஸ் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு 18,000 ரூபா இருந்துச்சு. மீதி 32,000 அப்பா தர்றதா பேச்சு. அதுக்காக அவர் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார். எதுக்குக் கம்ப்யூட்டர்னு கேட்டப்போ, "ப்ராஜெக்ட்டுக்குப்பா. மேட்லாப் எல்லாம் ஓட்டணும்"னு சொல்லியிருந்தேன். முழுப் பொய் இல்ல. ஆனா மேட்லாப் ஓட்டறதுக்கு யாரும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு கிராஃபிக்ஸ் கார்டு ரிவ்யூ பார்க்க மாட்டாங்க.

என்னோட முதல் லிஸ்ட் இது. இன்டெல் ஐ3-12100எஃப் ப்ராசஸர், அதுக்கு ஒரு எச்610 போர்டு, 8 ஜிபி ரேம் ஒண்ணு, 240 ஜிபி எஸ்எஸ்டி, ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளையோட சேர்ந்து வர்ற 2,500 ரூபா கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ். மொத்தம் 47,900. இதுல கார்டு மட்டும் 20,000. பட்ஜெட்ல எல்லாரும் சொல்ற ஃபார்முலா இதுதான். கிராஃபிக்ஸ் கார்டுல காசைக் கொட்டு, மத்ததுல எல்லாம் பிடி. ஆர்எக்ஸ் 6600 வந்தது 2021 அக்டோபர்ல. 8 ஜிபி மெமரி, 132 வாட். 1080பி-ல விளையாட அந்த விலைக்கு அதை அடிக்க ஆள் இல்லன்னு நான் பார்த்த எல்லா ரிவ்யூவும் சொல்லுச்சு. இப்பவும் அது தப்பான கார்டு இல்ல.

லிஸ்ட்டை ஒரு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட காட்டினேன். விலையைக் கேப்பார்னு நினைச்சு, அதுக்கு பதில் எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அவர் விலையைப் பார்க்கவே இல்ல. சாப்பிட்டுக்கிட்டே ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் பார்த்துட்டு, "இதுல எதும்மா முதல்ல கெட்டுப்போகும்?"னு கேட்டார்.

எனக்கு பதில் தெரியல. மூணு மாசம் வீடியோ பார்த்திருக்கேன். எது எத்தனை ஃபிரேம் தரும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எது முதல்ல போகும்னு யோசிச்சதே இல்ல. கொஞ்சம் தடவிட்டு, "பவர் சப்ளையா இருக்கும்பா"ன்னேன்.

"அது எவ்வளவு?"

"தனியா விலை இல்ல. கேபினட்டோட ஃப்ரீயா வருது."

அப்பா சாப்பிடறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். "மோட்டாரை ஃப்ரீயா குடுக்கிறவன்கிட்ட தறி வாங்குவியா?"

அடுத்த கேள்வி. "சரி, இந்த இருபதாயிரம் ரூபா ஐட்டம் போச்சுன்னா மத்தது ஓடுமா?" ஓடாது. ஐ3-12100எஃப்-ல கடைசியில இருக்கிற அந்த 'எஃப்'புக்கு அர்த்தமே, ப்ராசஸருக்குள்ள டிஸ்ப்ளே தர்ற பகுதி கிடையாதுங்கறதுதான். கார்டு போச்சுன்னா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது. மேட்லாப்பும் ஓடாது. என் பொய்க்கு எதிரா என் லிஸ்ட்டே சாட்சி சொல்லுச்சு.

மூணாவதா ஒண்ணு செஞ்சார். கைகழுவிட்டு வந்து, பையில இருந்து மீட்டரை எடுத்து, நான் கம்ப்யூட்டர் வைக்கலாம்னு சொன்ன இடத்துல இருந்த பிளக்ல குத்தினார். மணி ஏழேகால். மீட்டர் 178 வோல்ட் காட்டுச்சு. வர வேண்டியது 230. எங்க தெரு லைனோட கடைசியில இருக்கு. சாயங்காலம் ஆனா எல்லா வீட்டு லைட்டும் ஃபேனும் மோட்டாரும் ஒண்ணா ஓடும். டியூப் லைட் கண் சிமிட்டறதைப் பொறந்ததுல இருந்து பார்க்கிறேன். அதுக்கு ஒரு நம்பர் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

நான் ட்ரிபிள் ஈ ஸ்டூடன்ட். எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் எக்ஸாம் எழுதி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. வோல்டேஜ் குறைஞ்சா இண்டக்ஷன் மோட்டார் அதே லோடை இழுக்க அதிக கரண்ட் எடுக்கும், சூடாகும்னு அரைப் பக்கம் எழுதிட்டு வந்தவ. அப்பா அதை எரிஞ்சுபோன காயில் நாத்தத்துல இருந்து படிச்சவர். கம்ப்யூட்டர் பவர் சப்ளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 250 வாட் வேணும்னா 230 வோல்ட்ல சுமார் 1.1 ஆம்பியர் எடுக்கும். 178 வோல்ட்ல அதே வேலைக்கு 1.4 எடுக்கும். அந்தக் கூடுதல் சூட்டை எல்லாம் யார் தாங்கறது? ஃப்ரீயா வந்த அந்தத் தகர டப்பா.

அன்னைக்கு ராத்திரியும் ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன். ஆனா இந்தத் தடவை பவர் சப்ளை பத்திப் படிச்சேன். தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான், குறிச்சு வெச்சுக்கோங்க.

முதல்ல, மேல ஸ்டிக்கர்ல பெருசா '450' '500'னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க. பக்கவாட்டுல ஒரு சின்ன டேபிள் இருக்கும். அதுல 12 வோல்ட் லைன் எத்தனை ஆம்பியர்னு பாருங்க. ப்ராசஸரும் கார்டும் சாப்பிடறது அந்த லைன்லதான். 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்னு போட்டிருந்தா 216 வாட்தான். மேல 450னு எழுதியிருந்தாலும் சரி. 38 ஆம்பியர்னா 456 வாட்.

அடுத்து, '80 ப்ளஸ் பிரான்ஸ்'னா பாதி லோடுல சுமார் 85 சதவீதம் எஃபிஷியன்சி. மீதி சூடாப் போகுது. அது வேஸ்ட் பத்தின கணக்கு, பாதுகாப்பு பத்தினது இல்ல. ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கான்னு தனியா பார்க்கணும்.

மூணாவது, நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். இன்புட் எவ்வளவுன்னு பாருங்க. விலை குறைஞ்ச சிலதுல 200-240 வோல்ட்னு மட்டும் போட்டிருக்கும். எங்க வீட்டு ஏழேகால் மணிக்கு அது ஆகாது. 100-240 வோல்ட்னு போட்டிருக்கிறதைத் தேடி எடுத்தேன். 550 வாட், 5 வருஷம் வாரன்டி, 4,600 ரூபா.

பவர் சப்ளைக்கு 4,600 போனதும் லிஸ்ட்டே ஆட்டம் கண்டுடுச்சு. கூடவே யூபிஎஸ்ஸும் வேணும்னு அப்பா சொல்லிட்டார். இப்ப ரெண்டு வழி. ஒண்ணு, கார்டைக் குறைக்கிறது. இல்ல, கார்டையே இப்போதைக்கு விட்டுட்டு, அது பின்னாடி வந்து உக்கார மத்ததை எல்லாம் ஒழுங்கா கட்டறது. மூணு நாள் யோசிச்சேன். ரெண்டாவது வழிதான் சரின்னு அறிவுக்குத் தெரிஞ்சுது. மனசுக்குத்தான் தெரியல.

அப்படி வந்ததுதான் ரைசன் 5 5600ஜி. 6 கோர், 65 வாட், உள்ளேயே கிராஃபிக்ஸ். உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, நம்ம ரேமைத்தான் கடன் வாங்கும். அதனால ரேமை 16 ஜிபி ஒண்ணா வாங்காம, 8 ஜிபி ரெண்டா வாங்கணும். டிடிஆர்4 3200 ஒண்ணு போட்டா செகண்டுக்கு 25.6 ஜிபி போகும். ரெண்டு போட்டா ரெண்டு வழி திறக்கும், 51.2 ஜிபி. பெருசா காசு வித்தியாசம் இல்ல, விளையாடும்போது வித்தியாசம் நல்லாவே தெரியும். போர்டு பி450. அந்த சிப்செட் வந்தது 2018-ல, ப்ராசஸர் வந்தது 2021-ல. பழைய பயாஸோட இருக்கிற போர்டு வாங்கிட்டா புது ப்ராசஸரை அதுக்கு அடையாளமே தெரியாது. பாக்ஸ்ல 'ரைசன் 5000 ரெடி' ஸ்டிக்கர் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

சனிக்கிழமை காலையில அப்பாவும் நானும் மின்சார ரயில்ல கிளம்பினோம். திருத்தணியில இருந்து சென்ட்ரல் சுமார் 80 கிலோமீட்டர். அங்கிருந்து மெட்ரோவுல ஒரே ஸ்டேஷன், கவர்ன்மென்ட் எஸ்டேட். இறங்கி நடந்தா ரிச்சி ஸ்ட்ரீட். போகாதவங்களுக்கு: திருத்தணியில ஆடிக் கிருத்திகை அன்னைக்குப் படிக்கட்டு எப்படி இருக்குமோ அப்படி ஒரு தெரு. காவடிக்கு பதிலா தலையில சிபியூ பெட்டி.

ஒரு கடைக்குள்ள போனோம். லிஸ்ட் என் கையில இருந்துச்சு. கடைக்காரர் அப்பாவைப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன பட்ஜெட்?"னார். நான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியும் அப்பாவைப் பார்த்தேதான். "பையனுக்கா சார்?" அப்பா பையைக் கீழே வெச்சுட்டு, "பொண்ணுதான் வாங்குது. அதுகிட்ட பேசுங்க, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டார். கிளாஸ்ல, லேப்ல, சிம்போசியத்துல எவ்வளவோ தடவை என்னைத் தாண்டி பக்கத்துல இருக்கிற பையன்கிட்ட பேசியிருக்காங்க. யாரும் அப்படித் திருப்பி விட்டதில்ல.

லிஸ்ட்ல கார்டு இல்லன்னு பார்த்ததும் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்தார். "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, புதுசு. 7,500-க்குப் போட்டுத் தர்றேன்." எனக்கு நிஜமாவே கை அரிச்சுது. என்கிட்ட 6,000 சொச்சம் மிச்சம் இருந்துச்சு. கொஞ்சம் பேசினா முடிஞ்சுடும். ஆனா அந்த மாடல் வந்தது 2017-ல. இத்தனை வருஷம் கழிச்சு, கேள்விப்படாத பிராண்டு பெட்டியில எப்படிப் புதுசா வரும்? பாக்ஸ் ஓரத்துல '2048எஸ்பி'ன்னு சின்னதா இருந்துச்சு. அது ஒரிஜினல் 580-யைவிடக் குறைஞ்ச சிப். அப்பாகிட்ட மெதுவா விளக்கினேன். சில வருஷம் உலகம் பூராவும் இந்தக் கார்டுகளைக் கிரிப்டோ மைனிங்குக்கு ராப்பகலா ஓட்டினாங்க. 2022 செப்டம்பர்ல இத்தீரியம் அந்த முறையையே விட்டுடுச்சு. ஓடிக் களைச்ச கார்டுங்க குவியலா மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அந்த சிப்பைக் கழட்டிப் புது போர்டுல ஒட்டி விக்கிறதும் உண்டு. இது அப்படிப்பட்டதான்னு எனக்கு நிரூபிக்கத் தெரியாது, ஆனா புதுசுன்னு நம்பவும் முடியல.

அப்பாவுக்கு உடனே புரிஞ்சுது. "காயில் கட்டின மோட்டாருக்கு பெயிண்ட் அடிச்சு விக்கிறது"ன்னார். எங்க டிபார்ட்மென்ட்ல யாரும் இதை இவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல. வேற கடைக்குப் போனோம். எல்லாத்துக்கும் சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில் வாங்கினோம். பில் இல்லாம கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்னா வாங்காதீங்க. வாரன்டிக்கு அந்தக் காகிதம்தான் கதி.

திரும்பி வர்ற ரயில்ல கேபினட் பெட்டி அப்பா மடியில. அரக்கோணம் தாண்டினதும் கூட்டம் குறைஞ்சுது. பெட்டி மேல கொட்டை எழுத்துல ஆங்கிலத்துல எழுதியிருந்ததை அப்பா ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சார். "கே... மிங். கேமிங்னா விளையாட்டுதானே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"விளையாடத்தான்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

நான் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "சொல்லியிருப்பேன்தான்"னார். அப்புறம் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. தள்ளி எடுத்த சீட்டுக்கு அவர் இன்னும் எத்தனை மாசம் கட்டணும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். "சாரிப்பா"ன்னு சொன்னப்போ ரயில் திருத்தணி பிளாட்பாரத்துல நுழைஞ்சிடுச்சு. அந்த இரைச்சல்ல அவர் காதுல விழுந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ராத்திரி ஹால்ல பாய் விரிச்சு அசெம்பிள் பண்ணோம். பட்டனை அமுக்கினா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பா, "எல்லாத்தையும் ஒண்ணா பார்க்காத. கடைசியா மாட்டினதுல இருந்து ஒவ்வொண்ணா கழட்டி மாட்டு"ன்னார். மூணாவதுல கிடைச்சுது. ஒரு ரேம் முழுசா உக்காரல. 'டக்'குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும். பயந்து பயந்து அமுக்கியிருக்கேன்.

முதல்ல போட்ட கேம் 'வெண்பா'. டொரண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல வெளியிட்டது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், சமையல், தமிழ் பேச மறுக்கிற பையன். 2024 ஏப்ரல்ல பாஃப்டா விருது வாங்கின கேம். அதுல முதல் புதிர் இட்லி. ஆவி போற மாதிரி தட்டை எப்படி அடுக்கறதுன்னு கண்டுபிடிக்கணும். நான் தப்பா அடுக்கினேன். பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்த அம்மா, "ஓட்டை மேல இட்லி வரக்கூடாதுடி. தட்டைத் திருப்பு"ன்னாங்க. திருப்பினேன். சரியா வந்துச்சு. அம்மா அன்னைக்கு முழுக் கதையையும் பக்கத்துல உக்காந்து பார்த்தாங்க. அந்தக் கேமுக்கு கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்ல.

மத்தபடி உண்மையைச் சொல்லிடறேன். வேலரன்ட் 1080பி, லோ செட்டிங்ல சராசரியா 100 ஃபிரேமுக்கு மேல போகுது. ஜிடிஏ 5 தாராளமா ஓடும். சைபர்பங்க் 720பி-லயே 30 தொட மூச்சு வாங்கும். பெரிய கேம் வர்றப்பல்லாம் வயிறு எரியத்தான் செய்யுது.

அந்த வருஷம் அக்டோபர்ல ஒரு ராத்திரி, மழையில எங்க தெருவுல நியூட்ரல் வயர் அறுந்துபோச்சு. ட்ரிபிள் ஈ பசங்களுக்குத் தெரியும். நியூட்ரல் போனா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல இருக்கிற 400 வோல்ட்டை வீடுங்க பங்கு போட்டுக்கும். லோடு குறைவா இருக்கிற வீட்டுக்கு அதிகப் பங்கு. எதிர்வீட்டு டிவி போச்சு, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் போச்சு. எங்க வீட்டுல 'பட்'டுன்னு ஒரு சத்தம், கருகின வாசனை. நான் கேபினட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

காலையில அப்பா யூபிஎஸ்ஸைப் பிரிச்சார். உள்ளே பட்டன் மாதிரி ஒரு எம்ஓவி கரிக்கட்டையா இருந்துச்சு. அதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் உயிரோட இருந்துச்சு. பவர் சப்ளை, போர்டு, ப்ராசஸர், என் செமஸ்டர் ஃபைல்ஸ் எல்லாம். 3,000 ரூபா பொருள் போய் மீதி நாப்பதாயிரம் தப்பிச்சுது. அப்பா அதைக் கையில உருட்டிப் பார்த்துட்டு, "கெட வேண்டியது கெட்டிருக்கு"ன்னார். தறியில நாடாவை அடிக்கிற கட்டை மரத்துலதான் இருக்கும், உடைஞ்சா அதை மட்டும் மாத்திட்டு அரை மணி நேரத்துல தறியை ஓட்டிடலாம்னு சொன்னார்.

சரி, லிஸ்ட். 2024 மே மாசம் எனக்குக் கிடைச்ச விலை. இப்ப மாறியிருக்கும், விசாரிச்சுக்கோங்க.

ரைசன் 5 5600ஜி - 11,800
பி450 போர்டு - 6,200
ரேம் 8 ஜிபி, ரெண்டு - 3,400
500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி - 3,300
550 வாட் பவர் சப்ளை - 4,600
கேபினட் - 2,800
மானிட்டர் - 7,600
600 விஏ யூபிஎஸ் - 3,000
கீபோர்டு, மவுஸ் - 1,100
மொத்தம் - 43,800

மிச்சம் இருந்த 6,200-ஐ அப்பாகிட்ட திருப்பிக் குடுத்தேன். அவர் வாங்கிக்கல. "அந்தக் காலி இடத்துக்கு வெச்சுக்கோ"ன்னார். அதுல 3,000 புது யூபிஎஸ்ஸுக்குப் போச்சு. மீதியோட டியூஷன் காசு சேர்ந்துக்கிட்டே வருது. இப்ப ஃபைனல் இயர். ஸ்லாட் இன்னும் காலிதான். நான் விளையாடறப்போ அப்பா அந்தப் பக்கம் போனா, கண்ணாடி வழியா உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் வரலையா அது?"ன்னு கேப்பார்.

லிஸ்ட்டை அப்படியே காப்பி அடிக்காதீங்க. உங்க வீட்டு பிளக் வேற, எங்க வீட்டு பிளக் வேற. சாயங்காலம் ஏழேகாலுக்கு முதல்ல உங்க வீட்டு வோல்டேஜைப் பாருங்க. மீட்டர் இல்லன்னா என்கிட்ட கேளுங்க, அப்பாவோடது ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு. எதுக்கு வாங்கறீங்கன்னு வீட்டுல உண்மையைச் சொல்லிட்டு வந்து கேளுங்க.